கேக்கப் பயமாம்

தெஹிவளை மிருகக்காட்சிசாலையிலிருந்து எங்கள் ஊரான கண்டக்குழி வரைக்கும், மூன்று சின்னப் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு, ஒரு தடவைகூட நிறுத்தாமல் வந்து சேர்ந்தவன் நான். பாண் வாங்கித் தின்ன நிறுத்தவில்லை. வாந்திக்கு நிறுத்தவில்லை. ஒண்ணுக்குக்கூட நிறுத்தவில்லை! பிள்ளை வளர்த்தவர் எவரும் இதை நம்பமாட்டார். ஆனால் பள்ளிவாசலில் வைத்துக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். சத்தியமாக நடந்தது.

என் பெயர் செய்னுலாப்தீன். முப்பத்தாறு வருடம் உப்பு லொறி ஓட்டி ஓய்வு பெற்றவன். நான் ஹோர்ன் அடித்தால் கல்பிட்டி வீதியில் படுத்திருக்கும் கழுதைகள் எழுந்து வரிசையில் நின்று வழிவிடும். என் மனைவி அலீமா இதையும் நம்பமாட்டாள். கல்யாணம் முடித்த நாளிலிருந்து என் வாயிலிருந்து வந்த எதையும் அவள் நம்பியதில்லை.

போன ஏப்ரல் லீவு. பின்னேரம் 2.30க்குத் தெஹிவளையிலிருந்து புறப்பட்டோம். எனக்குப் பக்கத்தில் அலீமா. பின்னால் மகளின் பிள்ளைகள்: எட்டு வயது அஸ்ஜத், ஐந்து வயது றுஷ்னா, மூன்று வயது ஃபஸ்லான்.

"நிப்பாட்டாம ஊருக்குப் போய்க் காட்டட்டா?"

"நீர்கொழும்புக்குப் போகக்குள்ளயே ஒங்களுக்கு முட்டிரும்," என்றாள் அலீமா.

அவ்வளவுதான். எனக்கு ரோசம் வந்துவிட்டது.

சிலாபம் தாண்டும்போது 5.10. றுஷ்னா தொடங்கினாள். "மூத்தவாப்பா, ஒண்ணுக்கு வருது." உடனே மற்ற இரண்டு பேருக்கும் வந்துவிட்டது. என் சாதனை கையை விட்டுப் போகப் பார்த்தது. வாயைத் திறந்தேன். கதை தானாக வந்தது.

"முந்தலுக்குக் கிட்ட ஒரு மதகு ஈக்கிது. அதுல ஒரு புள்ள நிப்பா. பேரு பஸீனா. இப்பிடித்தான் ஒண்ணுக்கு வருதெண்டு அழுது எறங்கினா. திரும்பி வந்து பாத்தா, அவட ஆக்கள் உட்டுட்டுப் போயிட்டாங்க. இப்பவும் ஈரச் சட்டையோட, எந்த வேன்ல எடம் ஈக்கிதெண்டு பாத்துட்டு நிக்கிறா."

ஒரு சொல்லும் உண்மையில்லை. ஒரு லொறியை முந்திச் செல்லும் நேரத்துக்குள் கட்டிய பொய். பின்னால் மூச்சுச் சத்தம்கூட இல்லை. எனக்கு ஒரே கொண்டாட்டம். அலீமா ஏசுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். ஏசவில்லை. சிரிக்கவும் இல்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தாள்.

5.52. முந்தல் தாண்டுகிறோம். பாதையோரம் இறால் பண்ணைக் குளங்கள். வெயில் சிவந்து தண்ணீரில் கிடந்தது.

டொக்.

பின்கதவில். வேன் அறுபதில் போகிறது. கல் பட்டிருக்கும் என்று நினைத்தேன்.

டொக்... டொக்.

கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னலோரம் இருந்த றுஷ்னா நகர்ந்து தம்பியோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஏன் புள்ள நெருக்குற?"

"அவக்கு எடம் வேணுமே."

அஸ்ஜத் அந்த வெற்று இடத்தை நோக்கி ஒரு பிஸ்கட்டை நீட்டினான். கை வெறுமையாகத் திரும்பியது.

"ஆரு, பஸீனாவா ஏறிட்டா?" என்று சிரித்தேன். சிரிப்புச் சரியாக வரவில்லை.

"பஸீனா இல்லயாம்," என்றாள் றுஷ்னா. "மர்ளியாவாம்."

அலீமா என் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"நிப்பாட்டுங்க."

"ஏன், தோத்துருவண்டு பயமா ஒனக்கு?"

6.20. பாலாவிச் சந்தி. மஃரிப் பாங்கு கேட்டது. தொழுகைக்காவது நிறுத்தியிருக்க வேண்டும்.

"நிப்பாட்டுங்க," என்றாள் மறுபடியும்.

அப்போது சாதனை ஆசையெல்லாம் எனக்குப் போய்விட்டது. அக்ஸிலேட்டரிலிருந்து கால்தான் எழவில்லை. வேனுக்குள் கடல் தண்ணீரில் ஊறிய துணியின் வாடை...

6.44. நுரைச்சோலை. அனல்மின் நிலையப் புகைபோக்கியில் சிவப்பு விளக்கு. கண்ணாடியை மேலே திருப்பிவிட்டேன்.

"மூத்தவாப்பா..." றுஷ்னாதான்.

"ம்."

"மர்ளியாக்கு ஒண்ணுக்கு வருதாம்."

அக்ஸிலேட்டரை இன்னும் மிதித்தேன்.

"ஒங்களுட்டக் கேக்கப் பயமாம்."

"நிப்பாட்டுங்க!" அலீமா கத்தினாள்.

நிறுத்தவில்லை.

பயம்.

7.08. வீடு. பிள்ளைகள் இறங்கிக் கழிவறைக்கு ஓடினார்கள். டோர்ச் அடித்துப் பார்த்தேன். மூவர் இருந்த இடமும் காய்ந்திருந்தது.

ஜன்னலோரம் மட்டும் ஈரம்.

தொட்டேன்.

சூடாக இருந்தது.

"தண்ணிப் போத்தல் கவுந்திருக்கும்," என்றாள் அலீமா. சீற் உறையைக் கழற்றித் தானே கழுவினாள். வெகுநேரம் கழுவினாள். அதன்பிறகு மூன்று கிழமை, நான் வாயெடுத்தாலே, "ஒண்டும் நடக்கல்ல. ஒங்கட பொய்ய நீங்களே நம்பாதீங்க," என்பாள். நம்பாமலிருக்க நானும் பார்த்தேன். முடியவில்லை. சின்னப் பிள்ளை. இரண்டு நிமிஷம் நிறுத்தியிருந்தால் போதும். அதைக்கூடக் கேட்கப் பயப்படும்படி செய்தது யார்? என் வாய்தானே?

ஒரு நாள் கூட்டாளி நஜாத் வந்தான். குற்ற உணர்ச்சியை மறைக்க, நிற்காமல் வந்த வீரத்தை மட்டும் சொன்னேன்.

"மச்சான், ஒன்ட கழுதக் கதைய நம்பினாலும் இத நம்பமாட்டேன்," என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

அலீமா தேத்தண்ணி கொண்டு வந்தாள். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை.

"தொண்ணூறுல, சண்டைக் காலத்துல, மன்னாரிலிருந்து முஸ்லிம் ஆக்கள் எங்கள எல்லாரையும் வெளியேத்தினப்போ, வள்ளத்துல ஏறி ஈந்தோம்," என்றாள். "என்ட தங்கச்சி ஒண்ணுக்கு வருதெண்டா. அஞ்சு வயசு. எறங்கினா உட்டுட்டுப் போயிருவோம், அடக்குடி எண்டு ஏசினேன். பொறகு எங்கிட்டக் கேக்கப் பயந்து, சொல்லாமலே எறங்கிப் போயிட்டா. சனத்துக்குள்ள எனக்குத் தெரியல்ல. வள்ளம் வெளிக்கிட்டுட்டு..."

உம்மா வாப்பா இல்லாத ஒரே பிள்ளை என்றுதான் அவளை எனக்குக் கட்டித் தந்தார்கள். இத்தனை வருடத்தில் தங்கை என்ற சொல்லையே அவள் வாயில் நான் கேட்டதில்லை.

நஜாத் கோப்பையைக் கீழே வைத்தான். "தங்கச்சிட பேரு?"

"மர்ளியா."

"அப்ப... இவன் நிக்காம வந்தெண்டு சொல்லுறது?"

அலீமா என்னைப் பார்த்தாள்.

"ஓம். நடந்ததுதான். மூணு தரம் கேட்டேன். இவர் நிப்பாட்டவேயில்ல."