நீளமான பதில்

ஆலையில் எல்லோரும் அவளை ‘அடுத்தக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். ஆன்லைன் பயிற்சிப் பாடங்கள் தயாரிப்பது அவள் வேலை. பாடத்தில் பேசுவதும் அவள்தான். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் “அடுத்து என்பதை அழுத்தவும்” என்பாள். வாசலில் அவளைப் பார்த்தால் போதும், “என்னக்கா, அழுத்திட்டு உள்ள போகவா?” என்று எவனாவது கேட்பான். அவளும் சிரித்து வைப்பாள்.

பெட்டி கட்டும் எந்திரத்தில் அட்டை சிக்கினால் எப்படி எடுப்பது என்று ஒரு பாடம் செய்யச் சொன்னார்கள். எந்திரத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று கேட்டாள்.

“எதுக்கும்மா? போட்டோ அனுப்புறேன். சீக்கிரம் முடி. பாடத்த முடிச்சாச்சுன்னு எல்லார் பேருக்கு நேராவும் பச்சை விழணும்” என்றார் பயிற்சி மேலாளர்.

அவள் ஏசி அறையில் உட்கார்ந்து, எந்திரத்தோடு வந்த கையேட்டைப் பார்த்து எழுதினாள். நல்லவள்தான். ஆனால் சொன்னதைச் செய்கிறவள். சங்கம் கூட்டிய ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை.

அந்த எந்திரத்தில்தான் அவள் தம்பிக்கு வேலை. அவள் சொல்லி வாங்கிக் கொடுத்தது. ஒரு பகல் ஷிப்டில் சிக்கிய அட்டையை இழுக்கப்போய் அவனுக்கு வலது கையில் மூன்று விரல் போயிற்று.

விசாரணை வைத்தார்கள். தம்பிக்கு வேலை நிலைக்குமா என்பதுதான் பேச்சு. நிர்வாகம் சொன்னது இதுதான்: பாடத்தை முடித்திருக்கிறான், தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறான். எந்திரத்தை நிறுத்த வேண்டும் என்று தெரிந்தே கையை விட்டிருக்கிறான். தப்பு அவனுடையது. பாடம் சரியானது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது.

சங்கத்து ஆளாக நான் தொழிலாளி தரப்பில் துணைக்கு உட்கார்ந்திருந்தேன்.

அவள் லேப்டாப்பில் தேர்வைத் திறந்தாள். திரையில் கேள்வி வரும் இடத்தை ஒரு அட்டைத் துண்டால் மறைத்துப் பிடித்துக்கொண்டு விசாரணை அதிகாரி பக்கம் திருப்பினாள்.

“சார், கேள்வியப் படிக்க வேணாம். நாலு பதில்ல எது நீளமோ அத அழுத்துங்க.”

அவர் கடைசிவரை அழுத்தினார். முழு மதிப்பெண். பச்சை விழுந்தது.

“சரியான பதில்ல எதுவும் விட்டுப்போயிடக் கூடாதுன்னு விலாவாரியா எழுதினேன் சார். தப்பான பதிலெல்லாம் ஏனோதானோன்னு எழுதிட்டேன். நீளமானத அழுத்தினா பாஸுன்னு ஆலைக்கே தெரிஞ்ச விஷயம், ஆஸ்பத்திரி வராந்தாவுல ஒருத்தர் வாய்தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இந்த மார்க்க வெச்சு என் தம்பிக்கு எல்லாம் தெரியும்னு சொல்லாதீங்க.”

ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவசரப்பட்டுவிட்டேன்.

குறுக்கு வழியில் தேர்வு எழுதியதாக இன்னொரு குற்றத்தையும் சேர்த்து எழுதி, தம்பியை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவளை அனுப்பவில்லை. அது இன்னும் கொடுமை. பதில்களை எல்லாம் ஒரே நீளத்தில் மாற்றி எழுதச் சொன்னார்கள்.

வீட்டில் உட்கார்ந்து எழுதினாள். அங்கே நடந்ததைத் தம்பிதான் பிறகு என்னிடம் சொன்னான். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தம்பி பக்கத்தில் இருந்தான்.

“அக்கா, ஒண்ணு சொல்லவா? கோவிச்சுக்காத.”

“சொல்லுடா.”

“நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். உன் பாடம் வர்றதுக்கு முன்னாடியே தெரியும்.”

அவள் கை நின்றது.

“நிறுத்தினா சூப்பர்வைசர் வந்துடுவான். ‘என்ன மாப்ள, களைப்பா? சோபா போடச் சொல்லட்டுமா?’ம்பான். எல்லார் முன்னாடியும். அதுக்கு என்ன பதில்க்கா? அத எந்தக் கேள்வியில கேட்டிருந்த?”

அவள் புதுப் பாடத்தில் ஒரு பக்கம் சேர்த்தாள்: ‘எந்திரத்தை நிறுத்தாதே என்று சூப்பர்வைசர் சொன்னால் என்ன செய்வீர்கள்?’ நாலு பதிலும் ஒரே நீளம்.

மேலாளர் அந்தப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டு வெளியிட்டார். எடுத்த இடம் தெரியவில்லை. அதற்கு முந்தைய பக்கம் முடிந்ததும் அவள் குரல் அடுத்ததை அழுத்தச் சொல்கிறது. வாசலில் இப்போது யாரும் அவளைக் கேலி செய்வதில்லை.

தம்பி இடத்துக்கு வந்த ஆள் பாடத்தை முடித்துவிட்டான். அவன் பேருக்கு நேராகவும் பச்சை விழுந்திருக்கிறது.