அவர் சட்டைப் பையில் எங்கள் அடையாள அட்டைகள்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான், என் கணவர், என் தங்கை மூவரும் மாத்தளையிலிருந்து ரிவர்ஸ்டன் மலைக்கு வேனில் போனோம். சோதனைச் சாவடியில் ஆளாளுக்குக் கைப்பையைக் கிளறினால் நேரமாகுமாம். அதனால் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் வாங்கி, ரப்பர் வளையம் போட்டுத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது அவர் வழக்கம். "பார்த்தீங்களா, எவ்வளவு சுகம்!" என்று ஒவ்வொரு சாவடியிலும் பெருமை வேறு.

மலையில் இறங்கியதும் நானும் தங்கையும் உச்சியிலுள்ள ஒளிபரப்புக் கோபுரம் வரை நடக்கக் கிளம்பினோம். அவருக்குக் கால் வலியாம், வேனிலேயே தூங்கப் போகிறாராம். பாதி வழியில் மூடுபனி இறங்கியது. காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவர் எங்களை மறித்து அடையாள அட்டையைக் கேட்டார். அது கீழே கணவரிடம் இருக்கிறது என்று சிங்களத்தில் சொன்னேன். எங்களை வேனடிக்கே நடத்திக்கொண்டு வந்தார். வேன் பூட்டியிருந்தது. கால் வலிக்காரர் அருவி பார்க்கப் போயிருந்தார்!

ஒன்றரை மணி நேரம் துப்பாக்கிக்குப் பக்கத்தில் நின்றோம். தங்கை அழுதே விட்டாள். எங்களை விசாரணைக்கு இராணுவ முகாமுக்கு அனுப்புவதாகப் பேச்சு வந்தபோதுதான் அவர் ஆடி அசைந்து வந்தார்.

"எதுக்கு அழுறீங்க? உங்க ஐடென்டி காட் எல்லாம் பத்திரமாத்தானே வச்சிருக்கேன்!"

அவை பத்திரமாகத்தான் இருந்தன.

இப்போதெல்லாம் என் அட்டை என் பர்ஸில்தான். அடுத்த பயணத்தன்று வாசலில் நின்று வழக்கம்போல் கையை நீட்டினார். நீட்டிய கையில் சாப்பாட்டுக் கூடையை வைத்துவிட்டு வேனில் ஏறினேன்.