ரிம்மில் தடவிய தேங்காய் எண்ணெய்

எல்லாவற்றுக்கும் காரணம் என் மனைவியின் அண்ணன்தான். சேலத்துக் காயலான் கடையில் நான் வாங்கி வந்த பழைய ரேஸ் சைக்கிளை, சொந்தபந்தம் கூடியிருந்த விருந்தில் பார்த்துவிட்டு, "ஏனுங்க மாப்ள, இதைப் போட்டா கால் கிலோ பேரீச்சம்பழங்கூடத் தர மாட்டாங்களே!" என்று சிரித்தார். ஊரே சிரித்தது.

எங்கள் மலையிலிருந்து அடிவாரத்துக் காரவள்ளி வரை கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி, அவருடைய புது கியர் சைக்கிளைத் தோற்கடிப்பதென்று அன்றே முடிவு செய்தேன். நான்கு மாதம் துருவைச் சுரண்டினேன், பெயிண்ட் அடித்தேன், புது பிரேக் கட்டை போட்டேன்.

எங்கள் மலை ஈரத்துக்கு, அரிவாளோ மண்வெட்டியோ, இரும்பு என்றால் எண்ணெய் தடவித்தான் வைப்போம். அந்தப் பழக்கத்தில், போட்டியன்று காலை இரும்பு ரிம்மிலும் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கினேன்.

மூன்றாவது வளைவில் பிரேக்கை அழுத்தினேன். கட்டை வழுக்கியது, சைக்கிள் நிற்கவில்லை. பள்ளத்துக்கு இரண்டு முழம் முன்னால், லாரிக்காக அடுக்கியிருந்த மரவள்ளிக் கிழங்கு மூட்டைகளில் மோதி விழுந்தேன்.

ஓடி வந்து தூக்கியவர் மச்சான்தான். "அடி பலமுங்களா?" என்று பதறியவர், ரிம்மைத் தொட்டு விரலை முகர்ந்தார். "தலைக்கு வெக்கற எண்ணெயைச் சக்கரத்துக்கு வெச்சுட்டீங்களே, மாப்ள!"

இப்போதெல்லாம் ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, வாசலிலேயே பிரேக் பிடித்துப் பார்த்த பிறகுதான் ஏறுகிறேன். அடுத்த மாதம் மறுபடி இறங்குகிறோம். அவர் தூக்கிவிட்டதை மன்னித்துவிட்டேன். விரலை முகர்ந்ததை மன்னிக்கவில்லை.