கேஸ் மாத்திரை மருந்தில் சேராது

கொடைக்கானல் மலைமேல் இருக்கும் பூண்டியில் வயிற்று வலி என்று ஒரு நோய் கிடையாது. எல்லாம் கேஸ். குளிரால் கேஸ், உருளைக்கிழங்கால் கேஸ், வெறும் வயிற்றில் குடிக்கிற கடுங்காப்பியால் கேஸ். அதற்கான மாத்திரை பெட்டிக்கடையில் பீடிக்கும் ஷாம்புக்கும் நடுவே சரமாகத் தொங்கும். என் அக்கா அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன சில வருடங்களிலேயே, பல் துலக்கியதும் ஒன்று போட்டுக்கொள்ளப் பழகிவிட்டாள்.

பூண்டு எடுக்கும் சமயத்தில் ஒரு நாள் மச்சான் போன் செய்தார். "மாப்ள, ஒங்கக்கா குனிஞ்சா நிமிர முடியல. வயித்தப் புடிச்சிக்கிட்டு காட்டுலயே ஒக்காந்துட்டா." அக்காவைக் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் உள்ள என் வீட்டுக்கு வரவழைத்தேன். ஆள் பாதியாகியிருந்தாள்.

எங்கள் அப்பா வயிற்றுப் புற்றுநோயில் போனவர். அவருக்கும் முதலில் கேஸ் என்றுதான் சொன்னார்கள். அதனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

கொடைக்கானலில் இரண்டு டாக்டர்களிடம் கூட்டிப்போனேன். அவளுடைய பழைய மருந்துச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு நீட்டினேன். இருவரும் உறையைத் திறக்கவில்லை. முதலாமவர் காரத்தைக் குறைக்கச் சொன்னார். இரண்டாமவர் கவலையைக் குறைக்கச் சொன்னார். எழுதிக் கொடுத்தது என்னவோ ஒரே கேஸ் மாத்திரை, அட்டையின் நிறம் மட்டும் வேறு.

நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஓர் ஆசிரியைக்கு இதே வலி இருந்தது. வயிற்றில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கிறது என்று மதுரையில் கண்டுபிடித்து, மருந்து கொடுத்துக் குணப்படுத்தினார்கள். அவர் சொன்ன பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதி எடுத்துக்கொண்டு இரண்டாவது டாக்டரிடம் மறுபடி போனேன்.

"யூடியூப் பாத்தீங்களா சார்?" என்று அவர் சிரித்தார். "இந்தக் கிருமி ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கும். அதைப் போய்த் தேடிக்கிட்டு இருக்க முடியுமா?"

அப்பாவைப் பற்றிச் சொன்னேன். டாக்டர் அடுத்த நோயாளிக்கு மணி அடித்தார். பாதிப் பேருக்கு இருக்கிறது என்பது தேடாமல் இருப்பதற்கு எப்படிக் காரணமாகும் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

பழனியில் மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனை இருப்பதாகத் தெரிந்தது. வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்றார்கள். வெள்ளனே பஸ் ஏறினோம். அங்கே ஒரு பெண் அவசரமாகக் கேட்டாள்: "மருந்து எதுவும் சாப்புடுறீங்களாம்மா? சுகர், பிரஷர்?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அக்கா.

அவள் ஊதினாள். கிருமி இல்லை என்று முடிவு வந்தது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். பஞ்சாமிர்த டப்பா ஒன்று வாங்கிக்கொண்டாள். திரும்பும் பஸ்ஸில் ஆசிரியைக்குப் போன் செய்து சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கேஸ் மாத்திரைய ரெண்டு வாரம் முன்னாடியே நிறுத்தினாங்கதானே சார்? அது உள்ள இருந்தா கிருமி இருந்தாலும் காட்டாதே."

அக்காவைப் பார்த்தேன். "இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

"போட்டேன். தண்ணி கூடக் குடிக்கல, சும்மா முழுங்கிட்டேன்."

"மருந்து சாப்பிடுறீங்களான்னு கேட்டப்ப இல்லன்னியே!"

"ஏலே, மருந்து எங்க சாப்புட்டேன்? இது கேஸ் மாத்திரைல்ல?"

பக்கத்து இருக்கையில் மொட்டைத் தலையோடு இருந்த பெரியவர் குறுக்கிட்டார். "அந்தம்மா சொல்றது சரிதான் தம்பி. நானும் தெனம் போடுறேன். அது மருந்துல சேராது."

யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அக்கா பொய் சொல்லவில்லை. அந்தப் பெண் கேட்ட கேள்வியிலும் தப்பில்லை. 'கேஸ் மாத்திரை' என்று ஒரு சொல் சேர்த்துக் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான். ஊரே அதை விழுங்கிக்கொண்டிருக்கும்போது அதைக் கேட்கத் தோன்றாதது எப்படி?

கொடைக்கானலில் அந்த இரண்டாவது டாக்டரிடம் இதைச் சொன்னேன். "நெகட்டிவ்னா நெகட்டிவ்தான் சார். விட்டுருங்க" என்றார். சீட்டில் அதே மாத்திரையை எழுதினார். நான் அதை வாங்கவில்லை.

அக்காவை இரண்டு வாரம் என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். மாத்திரை இல்லாமல் அவள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. மோரும் குழைந்த சோறுமாக ஓட்டினாள். "தம்பி, அரை மாத்திரையாச்சும் குடுடா" என்று கெஞ்சியபோது, கொடுத்துவிடலாம் என்றுகூட நினைத்தேன். அப்பாவின் முகம் ஞாபகத்துக்கு வந்தது. கொடுக்கவில்லை.

மறுபடி பழனி. இந்த முறை கிருமி இருக்கிறது என்று வந்தது. அந்தத் தாளைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். இப்படியும் ஒரு சந்தோஷம்! அங்கிருந்த குடல் மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, "புண்ணுதான், புற்று இல்ல" என்றார். எழுதிக் கொடுத்த மருந்துகளை அக்கா ஒரு வேளை விடாமல் சாப்பிட்டாள். வலி போயிற்று. கிருமி போய்விட்டதா என்று இன்னொரு தடவை ஊதிப் பார்த்து உறுதி செய்துகொண்டோம்.

அவளை அழைத்துப் போக மச்சான் வந்தார். சாப்பிட உட்காரும் முன் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

"மச்சான், நீங்களும் ஒரு தடவை பழனிக்குப் போய் ஊதிப் பாத்துருங்க" என்றேன்.

"எனக்கெதுக்கு மாப்ள? அவளுக்குத்தான் கிருமி. எனக்கு வெறும் கேஸு."

அக்கா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "அந்த அட்டையக் குடுங்க இங்க" என்று கையை நீட்டினாள். அவர் அதைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிக்கொண்டார்.