தறிச் சத்தத்தில் தூங்கும் பிள்ளைகள்

போன பதிவில் சங்கரன்கோவிலைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதினேன். உடனே மூன்று பேர் "எப்படிப் போவது, எங்கே தங்குவது?" என்று கேட்டுவிட்டார்கள். இப்போது போகிறவர்களுக்கான விவரம் கடைசியில் இருக்கிறது. அதற்கு முன் நான் முதல்முறை போன கதை. எண்பதுகளின் நடுவில், ஒரு புரட்டாசி மாதம். என் மகளுக்கு அப்போது நாலரை மாதம். நேரத்தையும் கட்டணத்தையும் பழைய நோட்டிலிருந்து எடுத்து எழுதுகிறேன், அவற்றை நம்பலாம். மற்றதெல்லாம் என் ஞாபகம், அதையும் ஓரளவுக்கு நம்பலாம்.

மதுரையில் குடியிருந்தேன். எந்தப் பத்திரிகையிலும் சம்பளக்காரி இல்லை. ஆசிரியர்கள் கடிதம் போடுவார்கள் அல்லது பக்கத்து மருந்துக் கடைக்குப் போன் செய்வார்கள். சொன்ன ஊருக்குப் போய்ப் படம் எடுத்து, பிலிமை ரயிலில் அனுப்பிவைப்பேன். அணைக்கட்டு, தேர்தல் கூட்டம், மாட்டுச் சந்தை என்று எதையும் விட்டதில்லை. குழந்தை பிறந்ததும் கடிதங்கள் நின்றுவிட்டன. நானும் நாலு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சென்னையில் ஒரு வார இதழின் ஆசிரியருக்கு நானே எழுதினேன்.

மருந்துக் கடைக்குப் போன் வந்தது. தீபாவளி இதழில் சேலை நெய்கிற பெண்களைப் பற்றிக் கட்டுரை. அட்டைக்கு ஒரு வண்ணப்படம் வேண்டும். விசைத்தறிக் கூடத்தில் ஒரு தாய், இடுப்பில் குழந்தை, இரண்டு முகமும் தெரிய வேண்டும். எட்டு நாளில் கைக்கு வர வேண்டும். "முடியுமாம்மா? கைக்குழந்தைக்காரி ஆச்சே. முடியாதென்றால் சொல்லிவிடுங்கள், வேறு ஆள் இருக்கிறார்" என்றார். முடியும் என்றேன். இதில் சொதப்பினால் இனி வெளியூர் வேலை ஒன்றுகூட வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். குழந்தையையும் தூக்கிக்கொண்டு போகப்போவதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. வங்கியில் வேலை பார்த்த என் கணவருக்கு அந்த வாரம் லீவு கிடைக்கவில்லை. வேறு வழியும் இல்லை.

மதுரையிலிருந்து காலை 5.40க்கு ராஜபாளையம் பஸ். 85 கிலோமீட்டர், ஏழு ரூபாய் இருபது பைசா. ஒரு தோளில் கேமரா பை, இன்னொரு தோளில் துணிப் பை, இடுப்பில் மகள், கக்கத்தில் ட்ரைபாட். ராஜபாளையத்தில் 8.25க்கு இறங்கி சங்கரன்கோவில் பஸ் மாறினேன். அது 33 கிலோமீட்டர். கண்டக்டர் ட்ரைபாடைத் தூக்கி எடை பார்த்தார்.

"இதென்னம்மா, மூணு காலோட?"

"கேமராவை இதன் மேல் நிற்க வைப்போம்."

"பிள்ளைக்கு டிக்கெட் கெடையாது. இதுக்கு லக்கேஜ் போடணும். இடுப்புல வச்சிருந்தியன்னா விட்டுருவேன், கீழ நிக்கில்லா."

போட்டார். பேருந்தில் வலப்பக்க ஜன்னலாகப் பார்த்து உட்காருங்கள். காலையில் வெயில் இடப்பக்கம் அடிக்கும், மலை வலப்பக்கம் கூடவே வரும். கரிவலம்வந்தநல்லூர் தாண்டியதும் நிலம் செம்மண்ணும் கரிசலுமாக மாறி மாறி வந்தது. மகள் அத்தனையையும் பார்க்காமல் தூங்கினாள். பஸ் நின்றதும் எழுந்து கத்தினாள்.

லாட்ஜில் மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தனியாக வருகிற பெண்ணுக்கு அந்தக் காலத்தில் எந்த ஊரிலும் சுலபத்தில் அறை கிடைக்காது. கடிதம் காட்டி, அடையாள அட்டை காட்டி, சில ஊர்களில் அழுதும் காட்டியிருக்கிறேன். இங்கே மகள் அவர் மேஜை மேலிருந்த பேனாவைப் பிடுங்கி வாயில் வைத்தாள். அவர் சிரித்துவிட்டுச் சாவியை நீட்டினார். அறை பதினெட்டு ரூபாய், வெந்நீர் வாளிக்கு ஐம்பது பைசா. குழந்தைத் துணிகளை அலசி ட்ரைபாடின் மூன்று காலிலும் காயப்போட்டேன். லக்கேஜ் கட்டணத்தில் கொஞ்சமாவது வசூலானது.

பத்தரை மணிக்கு விசைத்தறிக் கூடத்தில் இருந்தேன். அந்தத் தெருவில் நுழையும்போதே காலடியில் தரை அதிர்கிறது. பன்னிரண்டு தறிகள் இருந்த கூடம். அதை நடத்திய சண்முகையா அண்ணாச்சிக்குக் கட்டுரை எழுதுபவர் ஏற்கெனவே கடிதம் போட்டிருந்தார். உள்ளே யார் பேசினாலும் வாயசைவுதான் தெரிகிறது. ஒரு பெண் இரண்டு தறிகளைப் பார்த்துக்கொள்கிறாள். ஒன்றில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடுகிறாள், அதற்குள் மற்றதில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்கு நூல் தீர்ந்துவிடுகிறது. மேலே உத்தரத்தில் பழைய சேலையில் கட்டிய மூன்று தொட்டில்கள். மூன்றிலும் குழந்தைகள். மூன்றும் நல்ல தூக்கத்தில்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. வீட்டில் ஸ்பூன் விழுந்தால் எழுந்துவிடுகிற என் மகளும் பத்து நிமிடத்தில் என் தோளில் தலை சாய்த்துத் தூங்கிப்போனாள். பேச்சியம்மாள் என்ற பெண், என் வயதுதான் இருக்கும், அவளை வாங்கித் தன் மகன் கிடந்த தொட்டிலிலேயே மறுபக்கம் கிடத்தினாள். பையனுக்கு ஏழு மாதம். ஜாடையிலேயே எங்களுக்குள் பேச்சு நடந்தது.

இனி வேலை. கூரையில் ஒரே ஒரு கண்ணாடி ஓடு. பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு பத்து வரை அதன் வழியாக வெயில் மூன்றாவது தறியின் மேல் விழும் என்றார் அண்ணாச்சி. ஃப்ளாஷ் போட்டால் காற்றில் பறக்கிற பஞ்சு முழுவதும் வெள்ளைப் புள்ளியாக விழும். ஆகவே அந்த வெயிலில் மெதுவான ஷட்டரில்தான் எடுக்க வேண்டும். ட்ரைபாடை நிறுத்திப் பார்த்தேன், தரை அதிர்கிற அதிர்வில் அது கிடுகிடுவென்று ஆடியது. படம் கலங்கிப்போகும். அண்ணாச்சியிடம் போய் ஐந்து நிமிடம் தறிகளை நிறுத்த முடியுமா என்று கத்திக் கேட்டேன். தீபாவளி நெருக்கடி நேரம். அவர் தயங்கினார். அட்டைப் படம் என்றதும் சரி என்றார்.

பேச்சியம்மாள் மட்டும் இரண்டு கையையும் ஆட்டி ஏதோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை.

தறிகள் நின்றன. அந்த அமைதி ஒரு நொடிகூட இருந்திருக்காது. மூன்று தொட்டிலிலிருந்தும் நான்கு குழந்தைகள் ஒரே நேரத்தில் வீறிட்டன. பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"நிப்பாட்டாதியன்னுதான அக்கா கைய ஆட்டுனேன்! சத்தம் நின்னா முழிச்சிரும். கரண்டு போச்சின்னா எங்களுக்கு இதே பாடுதான்" என்றாள் பேச்சியம்மாள்.

தூக்கத்துக்குச் சத்தம் எதிரி என்று நம்பி, வீட்டில் நாலரை மாதமாக நுனிக்காலில் நடந்தவள் நான். ஓடிப்போய் மகளைத் தூக்கினேன். பேச்சியம்மாள் தன் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். சரியாக அந்த வெயிலில் நின்றாள். பின்னால் தறியில் நீளமாக விரித்த சிவப்பு நூல், பாவு. அம்மாவும் பிள்ளையும், ஆசிரியர் கேட்டது அப்படியே. நான் ஒரு கையால் கேமராவை உயர்த்தினேன். அவள் முந்தானையால் பையனின் முகத்தை மூடிவிட்டாள்.

"பிள்ளைய மட்டும் வேண்டாம் அக்கா. ஒரு வயசு ஆவட்டும். அதுக்கு முன்னால படம் பிடிச்சா ஆயுசு கொறையும்."

மற்ற இரண்டு தாய்மாரும் அதையேதான் சொன்னார்கள். நான் விடவில்லை. அட்டைப் படம் கிடைக்காவிட்டால் எனக்கு வேலை இல்லை என்று ஒளிக்காமல் சொன்னேன். சென்னை ஸ்டூடியோக்களில் மூன்று மாதக் குழந்தைகளைக் குப்புறப் போட்டு எடுக்கிறார்கள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை, இதெல்லாம் மூடநம்பிக்கை என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். பேச்சியம்மாள் பொறுமையாகக் கேட்டாள்.

"உங்க பிள்ளைய எத்தன படம் பிடிச்சிருக்கிய அக்கா?"

ஒன்றுகூட எடுக்கவில்லை. நேரமில்லை என்று சொல்லியிருக்கலாம், ஆனால் மகளுக்கு இரண்டு மாதமாக இருந்தபோதே பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு ரோல் எடுத்தவள் நான். பிலிம் விலை, வீட்டில் வெளிச்சம் போதாது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஏதாவது ஒன்றை எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். உண்மைக் காரணம் என்னவென்று அந்த நிமிடம் வரை யோசித்ததில்லை.

"அப்ப உங்க பிள்ளைய எங்கையில வச்சி எடுங்க. நான் நிக்கேன்" என்றாள்.

"ஏட்டி பேச்சி, சும்மா இரி" என்று பக்கத்துத் தறிக்காரி அதட்டினாள்.

"கேலிக்கா சொல்லுதேன்? படம் இல்லன்னா வேல போயிரும்னு அக்கா சொல்லுதாவல்லா."

அதற்குள் வெயில் நகர்ந்துவிட்டது. தறிகள் ஓடத் தொடங்கின, குழந்தைகளும் தூங்கிவிட்டன. மறுநாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்தேன். சாயங்காலம் கோவிலுக்குப் போனேன், அங்கே பிரசாதமாகத் தரும் புற்றுமண் வாங்கினேன், அந்த ஊரில் பேர்போன பிரியாணியும் சாப்பிட்டேன். எதிலும் மனம் ஒட்டவில்லை. கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். குழந்தை என்னுடையது என்று ஆசிரியருக்கு எழுதிவிட்டால் அது பொய்யாகாது. பேச்சியம்மாளுக்கும் சம்மதம். எனக்கோ அந்த நம்பிக்கை கிடையாது. அப்புறம் என்ன தடை? எடுத்துவிடுவதென்று முடிவு செய்தேன்.

மறுநாள் பதினொன்று இருபதுக்குக் கூடத்தில் இருந்தேன். தறிகளை இந்த முறை நிறுத்தவில்லை. நூல் மூட்டையின் மேல் கேமராவை வைத்தால் அதிர்வு பாதியாகக் குறைகிறது என்று கண்டுபிடித்திருந்தேன் (படம் எடுப்பவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்). பேச்சியம்மாள் தன் தறிகளை அடுத்தவளிடம் ஒப்படைத்துவிட்டு என் மகளை வாங்கி இடுப்பில் வைத்தாள். வெயில் வந்தது. மகள் பாவின் சிவப்பைப் பார்த்துச் சிரித்தாள். லைட் மீட்டர், ஃபோகஸ் எல்லாம் சரி. விரல் ஷட்டரின் மேல் இருந்தது.

அழுத்த முடியவில்லை. மீட்டரை மறுபடி பார்த்தேன். லென்ஸைத் துடைத்தேன். மீண்டும் குனிந்தேன். வ்யூஃபைண்டரின் சின்னச் சதுரத்துக்குள் என் மகள் இருந்தாள். இரண்டு வருடமாக எத்தனை ஊரில் எத்தனை குழந்தைகளை அந்தச் சதுரத்துக்குள் வைத்திருக்கிறேன், ஒருமுறைகூட விரல் தயங்கியதில்லை. அவை அடுத்தவர் பிள்ளைகள். வெயில் பேச்சியம்மாளின் தோளுக்கு நகர்ந்து, முழங்கைக்கு இறங்கியது. அவள் பக்கத்தில் வந்து என் காதோடு கேட்டாள்.

"பயமா இருக்கோ?"

"ஆமா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பிள்ளையை என்னிடம் கொடுத்தாள். "அப்ப விடுங்க. எங்களுக்கும் அதுதான் அக்கா" என்று சொல்லிவிட்டுத் தறிக்குப் போனாள்.

மிச்சமிருந்த ஐந்தாறு நிமிட வெயிலில் அவளைத்தான் எடுத்தேன். இரண்டு கையும் அறுந்த நூலை முடிச்சுப் போடுகின்றன, பின்னால் தொட்டில் கனத்துத் தொங்குகிறது, உள்ளே இருப்பவனின் பாரம் மட்டும் துணியில் தெரிகிறது. நல்ல படம் என்று இன்றைக்கும் சொல்வேன். ஆசிரியருக்குப் பிலிமோடு நடந்ததையும் எழுதி அனுப்பினேன். படம் உள்பக்கத்தில் வந்தது. அட்டையில் வேறொருவர் வேறு ஊரில் எடுத்த தாயும் பிள்ளையும். அந்தப் பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று நான் ரொம்ப நேரம் உற்றுப் பார்த்தேன். எனக்கு அடுத்த வெளியூர் வேலை வர ஏழு மாதம் ஆனது. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். அட்டை போனதில் அழுதிருக்கிறேன்.

இனி, போகிறவர்களுக்கு. இப்போது ரயில் அகலப்பாதை, விருதுநகர் வழியாக வசதியாகப் போகலாம். கோவிலை மதியம் சாத்திவிடுவார்கள், காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். தங்குவதற்கு நல்ல லாட்ஜ்கள் வந்துவிட்டன, தனியாகப் போகும் பெண்கள் போனில் பேசி உறுதி செய்துகொண்டு கிளம்புவது நல்லது. தறிக்கூடம் பார்க்க விரும்பினால் முதல் நாளே போய்க் கேளுங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருந்தால் அதன் காதில் வைக்க வேண்டாம், அது பாட்டுக்குத் தூங்கும்.

படம் எடுக்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. குழந்தையை எடுக்கும் முன் தாயிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள். என்னைப் போல ஏன் என்று வாதாடாதீர்கள். உங்கள் பிள்ளையைக் கொண்டு வந்து அந்த இடத்தில் வையுங்கள் என்று அவர்கள் சொல்லிவிட்டால், உங்கள் விரல் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியாது.