முதல் வண்டி

வேலந்தாவளம் சாலையில், மாநில எல்லையை ஒட்டிய ஒரு நாற்சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். உச்சி வெயில். ஒரு டாக்சிகூட இல்லை. இங்கே வண்டி நிறுத்தி ஆள் ஏற்றக் கூடாது என்று பஞ்சாயத்துப் பலகை நிற்கிறது. புது ஸ்டாண்ட் அரை கிலோமீட்டர் தள்ளி, மாட்டுச் சந்தைக்குப் பின்னால். பெட்டியைத் தூக்கிக்கொண்டு, திட்டிக்கொண்டே நடக்கிறேன்.

அங்கே பத்துக் கார்கள் வரிசையாக நிற்கின்றன. முதல் காரில் படுத்திருந்த டிரைவர் துண்டை உதறிக்கொண்டு எழுகிறார்.

"எங்கீங்க போகோணும்?"

"மூணு கிலோமீட்டர்தான்."

அவர் முகம் விழுந்துவிடுகிறது. "முந்தாநேத்துல இருந்து நாந்தானுங்க மொத வண்டி. பஸ்ஸு அங்க நிக்குது, எங்கள இங்க நிறுத்திப்போட்டாங்க. யாருங்க இவ்வளவு தூரம் நடந்து வருவாங்க?"

கிட்டத்துச் சவாரி போனாலும் திரும்பி வந்து கடைசியில்தான் நிற்க வேண்டுமாம்.

"அப்ப வேண்டாம், நடந்தே போயிடறேன்."

"ஐயோ, போயிராதீங்க. மொத வண்டிக்காரன் சவாரிய உட்டுட்டா பர்மிட்டே போயிருமுங்க."

ஏறிக்கொள்கிறேன். பின்னாலிருக்கும் ஒன்பது கார்களையும் எஞ்சின் போடாமல், கையாலேயே ஒவ்வொன்றாக முன்னே தள்ளுகிறார்கள்.

நான் இறங்கிய அதே நாற்சந்தியைக் கடக்கிறோம். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் கை காட்டுகிறாள்.

"என்னை இறக்கிட்டுத் திரும்பறப்போ அவங்கள ஏத்திக்கலாமே?"

அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

"அங்க ஏத்தப்படாதுங்க. அந்தம்மா ஸ்டாண்டுக்கு நடந்து வந்தாலும் மொத வண்டிலதான் ஏறோணும். நான் இப்பப் பத்தாவது வண்டிங்க."