ஒன்றரை நிமிடம்

அலுவலகத்தில் எல்லோரும் அவனை பாஸ்வேர்டு என்றுதான் கூப்பிட்டார்கள். யாராவது பாஸ்வேர்டை மறந்துவிட்டால் மாற்றித் தருவது, பிரிண்டரில் சிக்கிய தாளை உருவி எடுப்பது, மவுஸ் நகரவில்லை என்றால் வேறொன்றைக் கொண்டுவந்து செருகுவது, இதுதான் பல வருடமாக அவனுடைய உத்தியோகம். வீட்டில் தானாகவே உட்கார்ந்து புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டிருந்தான். நன்றாகவே எழுதுவான். ஆனால் பிரிண்டருக்குள் கைவிட்டுக் கறுத்த விரல்களைப் பார்த்தவர்களுக்கு அவனை நம்பி ஒரு புரோகிராமைக் கொடுக்கத் தோன்றவில்லை.

வீட்டுச் சாமான் கெட்டுப்போனால் ஜனங்கள் கூப்பிடுகிற எண்ணுக்குப் பதில் சொல்லும் அலுவலகம் அது. கீழ்த்தளம் முழுக்க ஒரே கூடம். வரிசை வரிசையாகப் பெண்கள், காதில் ஹெட்போன், எதிரே திரை. அவன் மனைவியும் அங்கேதான் இருந்தாள், இரண்டாவது வரிசையில். அவர்கள் கல்யாணத்தை முடித்துவைத்ததே அவளுக்குப் பக்கத்து இருக்கைக்காரிதான். கூடத்தில் அவருக்குப் பெரியக்கா என்று பேர். பிரிண்டர் சரியாக இருக்கும்போதும் இவன் கீழே வந்து நிற்பதைக் கவனித்துவிட்டு, "ரெண்டு பேரும் இப்படிப் பாத்துக்கிட்டே கிழவன் கிழவி ஆகப் போறீங்களா?" என்று கேட்டவர். இரண்டு வீட்டுக்கும் நடையாய் நடந்து பேசியவரும் அவரே.

கூடத்தில் இடைவேளைக்கு ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும்; பத்து நிமிடத்திலிருந்து எண் இறங்கத் தொடங்கும். பூஜ்யத்துக்கு வருவதற்குள் இருக்கைக்குத் திரும்பாதவர் பேருக்கு எதிரே ஒரு சிவப்புக் குறி விழும்; நிறையச் சேர்ந்தால் வேலை போகும். கழிப்பறை தாழ்வாரத்தின் கடைசியில், அட்டை காட்டித் திறக்கும் இரண்டு கதவுகளைத் தாண்டி இருந்தது. அங்கே எப்போதும் வரிசை. ஆனாலும் போய்விட்டு, திரும்பும் வழியில் நின்றபடி ஒரு டீயும் குடித்துவிட்டு வந்துவிட முடிந்தது. எப்படி முடிகிறது என்று யாரும் யோசிக்கவில்லை.

புதிதாக வந்த மேலாளர் யோசித்தார். ஆள் கறார். பேசிய நேரத்தையும் இடைவேளை நேரத்தையும் கூட்டினால் வேலை நேரத்தோடு ஒத்துப்போகவில்லை. நடுவில் எங்கேயோ ஒழுகுகிறது என்றார். புரோகிராமை எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்தார். வேறு ஆள் கிடைக்காமல் பாஸ்வேர்டைக் கூப்பிட்டு, பார்க்கச் சொன்னார்.

காலியாக இருந்த ஒரு இருக்கையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்திவிட்டு, பக்கத்தில் கைபேசிக் கடிகாரத்தை வைத்துக்கொண்டான். திரையில் பத்து நிமிடம் முடிந்தபோது கைபேசியில் பதினொன்றரை நிமிடம் ஆகியிருந்தது. உள்ளே திறந்து பார்த்ததும் விஷயம் புரிந்தது. பழைய ஆள், "ஒரு நொடி தூங்கு, எழுந்து ஒன்றைக் கழி, மறுபடி தூங்கு" என்று எழுதி வைத்திருந்தார். கணினி ஒரு நொடிக்கு முன்னால் எழாது, அவ்வளவுதான், பின்னால் எழலாம். எழுந்தபின் பழைய எண்ணை அழிக்க வேண்டும், புதியதை வரைய வேண்டும், அதற்கும் நேரம் போகும். ஒவ்வொரு நொடிக்கும் துளித் துளியாகத் தாமதம் சேர்ந்து கடைசியில் ஒன்றரை நிமிடமாகியிருந்தது.

அவன் எண்ணுகிற வேலையையே எடுத்துவிட்டான். பொத்தானை அழுத்திய நேரத்தைக் குறித்துவை. ஒவ்வொரு முறை எழும்போதும் உண்மையான கடிகாரத்தைப் பார். மிச்சம் எவ்வளவோ அதைக் காட்டு. இனி கணினி எத்தனை தாமதமாக எழுந்தாலும் எண் பிசகாது. கூடவே, போன நேரமும் திரும்பிய நேரமும் மையக் கணினியில் பதிவாகும்படி செய்தான். எத்தனை முறை சோதித்தாலும் நொடி தவறவில்லை. கூட்டத்தில் மேலாளர் எல்லோர் முன்னாலும் கை குலுக்கினார். அன்றுமுதல் "நீங்க" என்று பேச ஆரம்பித்தார். அவன் அன்று வீட்டுக்குப் போன வேகத்தில் செருப்பைக்கூட வாசலில் சரியாக விடவில்லை.

மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறக்கும் முன்பே சொன்னாள்: "பிரேக்கைக் குறைச்சிட்டாங்க. பாதி டீயை அப்படியே வெச்சிட்டு ஓடி வந்தேன். பெரியக்காவுக்குச் சிவப்பு விழுந்துடுச்சு."

"யாரும் குறைக்கல. முன்னாடி அது தப்பா எண்ணிட்டு இருந்துச்சு. இப்பதான் சரியா பத்து நிமிஷம். நான்தான் சரி பண்ணேன்."

கத்தி நின்றது. "தப்பா இருந்தப்ப யாருக்கு வலிச்சுது?" என்று கேட்டாள்.

அவன் கடிகாரத்தைப் பற்றி விளக்கத் தொடங்கினான். அவள் நறுக்கியதை அள்ளிக்கொண்டு அடுப்புப் பக்கம் போய்விட்டாள்.

அடுத்த நாட்களில் கூடத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். பெரியக்காவுக்குச் சர்க்கரை வியாதி, முழங்காலும் ஒத்துழைக்காது. அவரால் எதையும் குறைக்க முடியவில்லை. இரண்டாவது சிவப்பும் விழுந்தபோது, மனைவி கேட்காமலே அவன் மேலாளரிடம் போனான். கழிப்பறை தூரமாக இருக்கிறது, பன்னிரண்டு நிமிடம் என்று வைத்துவிடலாமா, ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும் என்று மென்று விழுங்கிச் சொன்னான்.

மேலாளர் கோபப்படவில்லை. "பத்து நிமிஷம்னா பத்து நிமிஷம். சரியா எண்ணறது உங்க வேலை. எவ்வளவுன்னு முடிவு பண்றது உங்க வேலை இல்ல" என்றார்.

அந்த வாரமே அவன் ஒரு காரியம் செய்தான். திரையில் ஓடும் ஒவ்வொரு நொடியையும் கொஞ்சம் இழுத்துவிட்டான். பழைய ஆள் தெரியாமல் செய்ததை இவன் தெரிந்தே, கணக்குப் போட்டே செய்தான். பத்திலிருந்து பூஜ்யம்வரை எண் ஒழுங்காக இறங்கும். ஆனால் இறங்கி முடிக்கப் பதினொன்றரை நிமிடம் ஆகும். சிவப்பும் அதற்குப் பிறகுதான் விழும். மையக் கணினியின் பதிவை மட்டும் தொடவில்லை. அதையும் மாற்றியிருக்கலாம். மனம் வரவில்லை. வாழ்நாளில் ஒருவர் பாராட்டிய ஒரே வேலை அது. அதில் பொய் எழுதக் கை கூசியது. அதைப் போய் யார் பார்க்கப் போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான். மனைவியிடமும் மூச்சு விடவில்லை.

கூடத்தில் இறுக்கம் தளர்ந்தது. "இப்ப என்னவோ பரவாயில்ல, ஓடி ஓடிப் பழகிடுச்சு போல" என்று ஒருநாள் சாப்பிடும்போது அவள் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். கல்யாணமான பிறகு அவ்வளவு சந்தோஷமாக அவன் இருந்தது அந்த ஒன்றிரண்டு மாதம்தான்.

பதிவை மேலாளரே பார்த்துவிட்டார். பதினொரு நிமிடம் கழித்துத் திரும்பியவர்கள் ஏராளம், ஒரு சிவப்பும் இல்லை. அவனைக் கூப்பிட்டுத் திரையைத் திருப்பிக் காட்டினார். ஏதோ தவறு நேர்ந்துவிட்டது சார் என்றான் அவன். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருப்பது யார் என்று அவருக்குத் தெரியாதா என்ன? யார், ஏன் என்று எதுவும் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"இந்தப் பதிவாவது சரியா இருக்கா, இல்ல இதுவும் தப்பா?"

தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அதோடு போயிருக்கும். மேலாளர் திட்டியிருப்பார், அவன் மறுபடி பிரிண்டரில் தாள் உருவப் போயிருப்பான், வேறொரு சேதமும் இல்லை. அவன் நிமிர்ந்து நின்று சொன்னான்: "பதிவு துல்லியமா இருக்கு சார். ஒரு நொடிகூட மாறாது."

"நல்லது. அப்போ அதை வெச்சே பழைய வாரத்துக்கெல்லாம் சிவப்பு போட்டுடு" என்றார் மேலாளர். "நீங்க" போய்விட்டிருந்தது. அவன் கதவுவரை போனபின், "உன் வீட்டம்மா பேரை விட்டுடு. நீ நமக்கு வேணும்" என்றார்.

மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவன் அதை முடித்துவிட்டான். கஷ்டமான வேலையே இல்லை. திரையை நம்பி நிதானமாகத் திரும்பி வந்த ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு சிவப்பாக மாறியது. மனைவி பேர் வந்த இடத்தில் ஒரு நிமிடம் கை நின்றது. அப்புறம் அதைத் தாண்டிப் போனான்.

மறுநாள் காலை கூடத்தில் திரையைத் திறந்தவர்கள் பேருக்கு எதிரே சிவப்பு வரிசையாக நின்றது. எல்லோரையும் அனுப்ப முடியாது என்பதால், அதிகச் சிவப்பு வாங்கிய ஐந்து பேரை மட்டும் வேலையை விட்டு அனுப்பினார்கள். முதல் பேர் பெரியக்காவுடையது. மனைவியின் திரை வெள்ளை வெளேரென்று இருந்தது. பக்கத்து வரிசைக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கென்னம்மா" என்று மட்டும் சொன்னாள். அதன்பிறகு மனைவியோடு யாரும் பேசவில்லை. டீக்கு எழுந்தால் இவளைத் தவிர்த்துவிட்டு எழுந்தார்கள். வாரம் முடியுமுன் அவள் வேலையை விட்டு நின்றாள்.

அவள் வீட்டில் கத்தவில்லை. அவன் நடந்ததை முழுவதும் சொல்லி முடிக்கும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்து கேட்டாள்.

"என் பேரை ஏன் எடுத்தீங்க?"

"உனக்காகத்தான்."

"என்னைக் கேட்டீங்களா?"

அவள் எழுந்துபோய் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்து வந்து மடிக்க ஆரம்பித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தனியாகப் பெரியக்கா வீட்டுக்குப் போனான். ஏசுவார் என்று நினைத்துப் போனவனுக்கு நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்தார். அவர் முழங்காலைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருக்க, அவன் நொடியை இழுத்துவிட்டது முதல் எல்லாவற்றையும் சொன்னான். உங்களுக்கு நல்லது செய்யத்தான் செய்தேன் என்றான்.

"நல்லதுதான் தம்பி" என்றார் பெரியக்கா. "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். திரை பொய் சொல்லுதுன்னு தெரிஞ்சிருந்தா, நான் தவழ்ந்தாவது பத்து நிமிஷத்துல வந்திருப்பேன்."

பிறகு அவன் குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு மெதுவாக உள்ளே போனார். திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று. அவர் வருவதற்குள் அவன் எழுந்து போய்விட்டான்.

இப்போது அவனுக்கு மேல்மாடியில் தனி அறை. அவன் எழுதிய புரோகிராம் இன்னும் இரண்டு கிளைகளில் ஓடுகிறது. அதைப் பொருத்தப் போனவனும் அவனே. பாஸ்வேர்டு என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. கூடத்தின் வழியாக நடந்து போனால் தலைகள் திரைப் பக்கம் திரும்பிக்கொள்கின்றன.

மனைவி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். வீட்டில் தேவையானதைப் பேசிக்கொள்கிறார்கள்: சிலிண்டர் தீர்ந்தது, குழாய் சொட்டுகிறது, உன் அண்ணன் போன் செய்தார். உறவினர் கேட்டால் அவருக்கு நல்ல பதவி கிடைத்திருக்கிறது என்று சொல்கிறாள். மாதம் ஒருமுறையாவது பெரியக்காவைப் பார்க்கப் போவாள். அவன்தான் வண்டியில் கொண்டுபோய்த் தெருமுனையில் இறக்கிவிடுவான். நீங்களும் வாங்க என்று அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.